மூன்று நிமிட ஜாம்

சமையல் தெரியாதவர்களில் இரண்டு வகை உண்டு. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கடையில் வாங்கிச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஒரு வகை. தெரியாது, தெரியாது என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டே உள்ளுக்குள் வெந்துபோகிறவர்கள் இன்னொரு வகை. நம் இளையவள் இரண்டாவது வகை.

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் உப்பை அள்ளிப் போட்டால்கூட அளவாகத்தான் விழும். இளையவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்து லென்ஸைப் பொருத்துவதில் அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. அடுப்படிக்குள் போனாலோ கையும் ஓடாது, காலும் ஓடாது. கல்யாணமான புதிதில் வெந்நீர் வைக்கிறேன் என்று பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போன் பேசப் போனாள். தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை வந்த பிறகுதான் திரும்பினாள். அன்றைக்கே கணவனின் அண்ணன் அவளுக்கு 'வெந்நீர்' என்று பெயர் வைத்துவிட்டார். பதினாறு வருஷமாக அதே பெயர்தான். "என்ன வெந்நீர், இன்னிக்கு என்ன கருகுச்சு?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

இந்த நிலையில்தான் கடைத்தெரு சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பாக்கெட் அவள் கண்ணில் பட்டது. சமைக்காமலே ஜாம் செய்கிற பொடி. ஸ்ட்ராபெர்ரியைக் கழுவி மசிக்கணும், சர்க்கரையும் பொடியும் கலந்து போடணும், மூன்றே மூன்று நிமிஷம் கிண்டணும். டப்பாவில் விரலளவு இடம் விட்டு நிரப்பி, அரை மணி வெளியே வைத்துக் கெட்டியானதும் ஃப்ரீசரில் தள்ளணும். அவ்வளவுதான், வேலை முடிந்தது. அடுப்பே வேண்டாம் என்றதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாக்கெட்டின் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் இன்னொன்றும் போட்டிருந்தது: ஃப்ரீசரில் ஒரு வருஷம், ஃப்ரிட்ஜில் மூன்று வாரம், கெட்டியானபின் வெளியே வைக்கவே கூடாது. அதையும் அவள் படித்தாள். படிக்கவில்லை என்று அப்புறம் சொல்ல முடியாதபடி இரண்டு தரம் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். இளையவள் ஒரு டப்பா கொண்டுபோனாள். ரொட்டியில் தடவி ஒரு வாய் கடித்த கணவனின் அண்ணன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். "யார் செஞ்சது இது?"

"நம்ம வெந்நீர்தான்!" என்றான் அவள் கணவன். அவனுக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

மூத்தவள் கரண்டியால் எடுத்து நக்கிப் பார்த்தாள். அவள் ஒன்றை நல்லாயிருக்கிறது என்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. "அடேயப்பா! இப்பப் பறிச்ச பழம் மாதிரியே இருக்கே. எவ்வளவு நேரம் கிண்டினே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூணு நிமிஷம்க்கா, பாக்கெட்ல போட்டிருந்தது என்று சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஆனால் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மேஜையில் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் முன்னால் கல்யாணமாகிப் போன மூத்தவள் மகள்கூட வந்திருந்தாள். "சித்தி, கலக்கிட்டீங்க!" என்று கைதட்டினாள்.

"மூணு மணி நேரம் அடுப்படியிலயே நின்னேன்க்கா" என்றாள் இளையவள்.

பொய் என்பது தனியாக வராது, கூடவே உறவுக்காரர்களையும் அழைத்து வரும். அவள் விரலில் ஒரு சூட்டுக் கொப்புளம் இருந்தது. கடையில் ஃபிரேம் சூடு காட்டும்போது பட்டது. மூத்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, ஜாம் தெறிச்சுதா?" என்றாள். இவள் தலையாட்டினாள். மூத்தவள் ஓடிப்போய்க் களிம்பு கொண்டுவந்து, விரலைப் பிடித்து, ஊதி ஊதித் தடவிவிட்டாள். அப்போதே இளையவளுக்கு உடம்பு கூசியது. கூசினாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அதுதான் கொடுமை.

"என் சம்பந்தி வீட்டுக்கு ஆறு பாட்டில் செஞ்சு தர்றியா?" என்றாள் மூத்தவள். "அந்தம்மா எதுக்கும் அசரமாட்டாங்க. இதைக் கண்டா வாயடைச்சுப் போகணும். இவ கையில குடுத்து அனுப்பிடறேன்."

அடுத்த வாரமே செய்தாள். ஃப்ரீசரிலிருந்து டப்பாக்களை எடுத்து, மேலே படிந்த பனியைத் துண்டால் துடைத்து, காலையிலேயே வெளியே வைத்துக் குளிர் போனபின் கொண்டுபோனாள். மூத்தவள் அதற்கென்றே வாங்கிய கண்ணாடி பாட்டில்களில் மாற்றினார்கள். அம்மா வீட்டுக்கு வந்திருந்த மகள்தான் பாட்டில்களைக் கழுவினாள்.

மூடியை இறுக்கிக்கொண்டே மூத்தவள் கேட்டாள்: "எத்தனை நாள் தாங்கும்? வெளியில வைக்கலாம்ல?"

ஃப்ரீசர் என்ற ஒரு வார்த்தை. அதைச் சொன்னால், மூணு மணி நேரம் கொதித்ததற்கு ஃப்ரீசர் எதுக்கு என்று கேட்பாள். கேட்கத் தெரிந்தவள் அவள். அங்கேயே குட்டு உடைந்துவிடும். ஒரு வாரத்தில் தின்று தீர்க்கப்போகிறார்கள், என்ன ஆகிவிடும் என்று இளையவள் தன் மனசைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"ஒரு வருஷம் ஆனாலும் கெடாதுக்கா. எங்க வேணா வைக்கலாம்."

சம்பந்தியம்மா ஒரு வாரத்தில் தின்று தீர்க்கவில்லை. அழகாயிருக்கிறதே என்று ஆறு பாட்டிலையும் சாப்பாட்டு அறையின் கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தார். பதினோராம் நாள் விருந்தாளிகள் வந்தார்கள். மருமகள் வீட்டு ஜாம் என்று பெருமையாகச் சொல்லி மூடியைத் திருகினார். புஸ்ஸென்று நுரை பொங்கி மேஜை விரிப்பில் வழிந்தது. சாராய நெடி. ஆறில் ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டில் பூஞ்சையே படர்ந்திருந்தது.

மறுநாள் மூத்தவள் போனில் குமுறினாள். "மானம் போச்சு. 'உங்க வீட்டுல கெட்டதைத்தான் குடுத்து அனுப்புவீங்களா'ன்னு கேட்டாங்களாம். எல்லாம் என் பொண்ணாலதான்! பாட்டிலை ஈரத்தோட வச்சிருக்கா. மூணு மணி நேரம் நின்னு நீ செஞ்சதைப் பாழாக்கிட்டாளே. வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றாள் இளையவள். அந்தப் பெண் பாட்டில் துடைத்ததை அவள் பக்கத்திலிருந்து பார்த்தவள். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, அடிவரை விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்தாள் அந்தப் பெண். இதெல்லாம் தெரிந்தும் இளையவள் சொன்னது இது:

"ஆமாக்கா. ஈரம் பட்டா கெட்டுத்தான் போகும்."

சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த வாரம் கடையில் இரண்டு லென்ஸை இடம் வலம் மாற்றிப் பொருத்தினாள். கணவன் "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள். இது எத்தனையாவது பொய் என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. மூத்தவள் நின்றிருந்தாள். ஒரு கையில் பழக்கூடை, இன்னொரு கையில் அகலமான அடிகனத்த பாத்திரம்.

"என்னை மன்னிச்சுடு. உன் உழைப்பையெல்லாம் நாங்க வீணாக்கிட்டோம்" என்றாள் உள்ளே வரும்போதே. "இன்னிக்கு உன்னைத் தனியா விடமாட்டேன். நான் கிண்டறேன், நீ பக்கத்துல உக்காந்து சொல்லு, போதும். நாளைக்கு நானே சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

யாரிடம் யார் மன்னிப்புக் கேட்பது! இளையவள் பழத்தைக் கழுவினாள். ஒரு தரம் கழுவினாள், இன்னொரு தரம் கழுவினாள். காம்பு கிள்ளினாள், நறுக்கினாள், நறுக்கியதையே மறுபடி நறுக்கினாள்.

"போதும், கூழாகப் போகுது" என்று மூத்தவள் வாங்கிப் பாத்திரத்தில் கொட்டினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். "தீ இவ்வளவு போதுமா?"

"ம்."

"சர்க்கரை இப்பவா, பழம் வெந்த பிறகா?"

இளையவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறாவது வடிக்கத் தெரிந்திருக்க வேண்டாமா? "நீங்க எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்கக்கா" என்றாள்.

மூத்தவள் கிண்டத் தொடங்கினாள். கிண்டிக்கொண்டே சொன்னாள்: "ஆறு நாளா எங்கிட்ட என் பொண்ணு பேசலை. போன் பண்ணா எடுக்கறதில்லை. அங்க சமையற்கட்டுல எதைத் தொட்டாலும், 'ஈரம் துடைச்சியா'ன்னு அந்தம்மா கேக்கறாங்களாம், எல்லார் முன்னாடியும். மாப்பிள்ளைதான் சொன்னார். அவ எங்கிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே. 'சரிம்மா, என் தப்புதான்'னு வச்சுட்டா. நான் வேற என்னென்னவோ சொல்லிட்டேன்." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி கிண்டினாள்.

இதற்கு மேல் இளையவளால் தாங்க முடியவில்லை. ஃப்ரீசர் கதவைத் திறந்தாள். உள்ளே மிச்சமிருந்த நாலு டப்பாவையும் எடுத்து மேடையில் வைத்தாள். காலிப் பாக்கெட்டையும் இழுப்பறையிலிருந்து எடுத்து, சிவப்பு எழுத்து மேலே தெரியும்படி வைத்தாள்.

"நான் சமைக்கவே இல்லக்கா. மூணு மணி நேரமெல்லாம் இல்ல, மூணு நிமிஷம். பச்சைப் பழம். வெளியில வச்சா கெட்டுடும்னு தெரியும். நீங்க கேட்டப்போ தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். இந்தக் கொப்புளமும் கடையில பட்டது. பாட்டில்ல ஈரமே இல்ல, அவ துடைச்சதை நான் பார்த்தேன்."

மூத்தவள் பாக்கெட்டை எடுத்துப் படித்தாள். முகத்தில் கோபம் வரும், கரண்டி பறக்கும் என்று இளையவள் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. கோபமே வந்திருக்கலாம்.

"பொய் சொன்னதை விடு" என்றாள் மூத்தவள் கடைசியில். "நான் போன் பண்ணி அழுதப்போகூடவா உனக்கு வாய் வரல?"

இளையவள் தலை நிமிரவில்லை.

மூத்தவள் தன் போனை எடுக்கவில்லை. "என் நம்பரைப் பார்த்தா எடுக்கமாட்டா. உன் போன்ல கூப்பிடு. நீயே சொல்லு" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டார்கள். இரண்டாவது மணியிலேயே, "சித்தி! சொல்லுங்க" என்று அந்தப் பெண்ணின் குரல் வந்தது. அதே வாஞ்சை. இளையவள் சொன்னாள். அக்காவிடம் சொன்னதையே, ஒன்றும் குறைக்காமல் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் சித்தி."

"என்னது?"

"கெட்டதைக் கொட்டும்போதே பார்த்தேன். மசியாம கிடந்த பழத்துண்டெல்லாம் வேகாம பச்சையா இருந்துச்சு. கொதிச்சிருந்தா அப்படி இருக்காதே."

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல? அத்தனை திட்டு வாங்கினியே!"

"எப்படி சித்தி சொல்றது?" அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள். "அன்னிக்கு ஒரு நாள்தான் உங்களை யாரும் கிண்டல் பண்ணல. உங்க முகத்தைப் பார்த்தேன். அதைப் போய்க் கெடுக்க மனசு வரல. விடுங்க, ஈரப் பாட்டில்னே இருந்துட்டுப் போகட்டும். இங்க எல்லாரும் எப்பவோ மறந்துட்டாங்க."

அடித்திருந்தால் இளையவள் தாங்கியிருப்பாள். அவள் வயசில் பாதிதான் இருக்கும் இந்தப் பெண், அவளுடைய பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வாரமாகச் சுமந்திருக்கிறாள்; இன்னும் சுமக்கத் தயார் என்கிறாள். இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? சரி என்று சொல்லி வைத்துவிட்டால் போதும், சம்பந்தி வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு கணம் அந்த நினைப்பும் அவளுக்கு வந்தது. வந்ததற்காகவும் கூசினாள்.

அப்போது போனுக்குள் தூரத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "யாரு, உங்கம்மாவா? இனிமே எதைக் குடுத்தாலும் பாட்டிலைத் துடைச்சுக் குடுக்கச் சொல்லு."

மூத்தவள் கிண்டுவதை நிறுத்தினாள்.

"அத்தைகிட்ட போனைக் குடு" என்றாள் இளையவள்.

"வேண்டாம் சித்தி. சொன்னா கேளுங்க."

"குடும்மா."

போன் கைமாறும் சத்தம். "ஹலோ, யாரு பேசறது?"

"நான் அவ சித்திங்க" என்றாள் இளையவள். குரலைத் தாழ்த்தவில்லை. "அந்தப் பாட்டில்ல ஈரமே இல்லைங்க. உங்க மருமக சுத்தமாத் துடைச்சுத்தான் வச்சா. கெடுத்தது நான். உங்க வீட்டுல வேற யாராவது இருந்தா, அவங்களையும் கூப்பிடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன்."