ஐகான் இல்லாத மென்பொருள்

"நீ ஏன் ஒரு இடத்துல உக்காரவே மாட்டேங்குற?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். பதில் தெரியாமல் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். வகுப்பிலும் இப்படித்தான், கேள்வி கேட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இப்போது சித்தப்பாவின் புத்தக வடிவமைப்புக் கடையில் தட்டச்சு செய்கிறேன். சொல்ல முடியாததையெல்லாம் நோட்டில் எழுதி, காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன்.

கடையில் ஓடுவதெல்லாம் இலவச மென்பொருள். வருஷத்துக்கு ஒருமுறை, அதில் ஏதாவது ஒன்றை உருவாக்குகிறவர்களுக்குச் சித்தப்பா நன்கொடை அனுப்புவார். மூன்று திரைகளையும் பார்த்து, எந்த ஐகானை அதிகம் திறக்கிறோமோ அதற்கு. இந்த முறை படம் வரையும் மென்பொருள் என்று முடிவாகியிருந்தது. அட்டைப்படம் போடும் தாடி அண்ணன் அதற்காக ஒரு வாரம் வாதாடினார். "நமக்குச் சோறு போடுறதே அதுதான் சார்." சாயங்காலம் பணம் போய்விடும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாங்கள் தட்டுவதைத் தமிழ் எழுத்தாக மாற்றும் சின்ன மென்பொருளுக்கு ஐகானே கிடையாது. கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக ஓடும், யார் கண்ணிலும் படாது. அதைப் பராமரிப்பவர் ஒரே ஒருவர். இந்த மாதத்துக்குள் உதவி வராவிட்டால் நிறுத்திவிடுவதாகத் தன் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார். மாதம் முடிய இரண்டே நாள். கடையில் அதைப் படித்தவள் நான் மட்டும்.

சித்தப்பாவின் மேஜை வரை மூன்று முறை போனேன். முதலில் ஸ்டேப்ளர் கேட்டேன். அப்புறம் அதில் போடும் பின்களைக் கேட்டேன். மூன்றாவது முறை இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தாடி அண்ணன் டீ குடிக்கப் போனார். அவர் கம்ப்யூட்டரில் அந்தத் தமிழ் எழுத்து மென்பொருளை நிறுத்தினேன். தானாக ஓடும் பட்டியலிலிருந்தும் எடுத்தேன்.

திரும்பி வந்தவர் அட்டைக்குத் தலைப்பைத் தட்டினார். ஆங்கில எழுத்துகளாக வந்தன. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். யார் வைத்த சூனியமோ என்று முனகிக்கொண்டே, பட்டனை அமுக்கி கம்ப்யூட்டரையே அணைத்துத் திரும்பப் போட்டார். மறுபடியும் ஆங்கிலம்தான். சித்தப்பா எழுந்து வந்தார்.

நான் போய் மென்பொருளைத் திரும்ப ஓடவிட்டேன். தமிழ் வந்தது.

"இதுக்கு அனுப்புங்க சித்தப்பா." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை என் போனில் திறந்து காட்டினேன்.

இரண்டு முறை படித்தார். "ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான்."

"அடிப்பாவி, இதை வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்றவர், அங்கேயே நின்று, தன் போனிலிருந்து முழுத் தொகையையும் அனுப்பினார்.

அதற்குள் தாடி அண்ணன் அட்டைப்படத்தைத் திறந்திருந்தார். வந்தது நேற்றைய படம். காலையிலிருந்து இறகு இறகாக அவர் வரைந்த கொக்கு அதில் இல்லை. சேவ் செய்துவிட்டுத்தான் டீக்குப் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

திரையைப் பார்த்தார். பிறகு, அவர் மேஜையருகில் இன்னும் நின்றிருந்த என்னைப் பார்த்தார். நான்தான் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். ஒட்டிக்கொண்டது.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.