ஆகஸ்டில் விழுங்கிய சொல்

கூதிர் கழிந்து முன்பனி இறங்கியிருந்தது. அறுப்பு முடிந்த சோளக்கொல்லைகளின்மேல் நெப்ராஸ்காவின் வானம் ஈயமாய்க் கனத்துக் கிடந்தது; விளைந்து ஓய்ந்த நிலம் உறங்கவும் மாட்டாமல் கிடந்தது. கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவ்வணியின் காயங்களைப் பார்த்துவரும் லோர்னா வாஷெக்கும் அந்நிலத்தைப் போலவே ஓய்ந்திருந்தாள்.

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் அணி வீரன் டோபின் தலை மோதி விழுந்தான். எழுந்தவன் திசை குழம்பி எதிரணியின் பக்கம் நடந்தான். லோர்னா அவனைக் ஆடுகளக் கோட்டோரத்து மருத்துவக் கூடாரத்துக்குள் அழைத்துச் சென்று, நினைவைச் சோதிக்க ஐந்து சொற்களைச் சொன்னாள். சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்டாள்.

"கதவு... மணி... ரொட்டி. அவ்வளவுதாங்க்கா."

பயிற்சியாளர் கேரிட்டி துணியை விலக்கி எட்டிப் பார்த்தார். "ஆகஸ்ட் சோதனையில எத்தனை சொன்னான்?"

"மூணு."

"அப்புறமென்ன? பய எப்பவுமே மக்கு. அனுப்பும்மா."

பருவம் தொடங்கும் ஆகஸ்டில் எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் வீரனை வெளியே நிறுத்த வேண்டும் என்பது விதி. அதை ஏய்க்கவே வீரர்கள் ஆகஸ்டில் தெரிந்தே தப்பாகச் சொல்வார்கள். "நாலாவது வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துச்சுடா, முழுங்கிட்டேன்!" என்று டோபின் அந்த ஆகஸ்டில் நடைவழியில் சிரித்தது அவள் காதில் விழுந்திருந்தது. நூறு பேரைச் சோதித்த அலுப்பில் அப்படியே கையெழுத்திட்டிருந்தாள்.

எனினும் இறுதி முடிவு அவளுடையது என்றும் அதே விதி சொல்லியது. டோபினின் தலைக்கவசத்தை மருந்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அதன்மேல் அமர்ந்துகொண்டாள்.

"அன்னைக்கு நீ பொய் சொன்னே. நானும் கேக்காத மாதிரி இருந்துட்டேன். போதும்டா."

"கடைசி ஆட்டம்க்கா! பெட்டி மேல உக்காந்து முட்டையா அடைகாக்குறீங்க?"

"உன் மண்டையை அடைகாக்குறேன்."

"தோத்தா பழி உன் மேலதான்," என்றார் கேரிட்டி.

"இருக்கட்டும் கோச். இன்னொரு அடியை இவன் தாங்கமாட்டான்."

தோற்றார்கள். மருத்துவர் பார்த்துச் சென்றபின், விளக்கணைத்த அறையில் டோபின் கண்மூடிப் படுத்திருந்தான்.

"யாருக்கா ஜெயிச்சது?"

மூன்றாம் முறையாகக் கேட்டான். மூன்றாம் முறையாகச் சொன்னாள்: "அவங்கதான்டா."

ஈரத்துணியை அவன் கண்கள்மேல் இட்டு, கட்டிலருகே மண்டியிட்டாள். செபமாலை மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரலிடை நகர்ந்தன. எல்லாம் முடிந்தபின் அவன் நெற்றியில் மெல்லச் சிலுவையிட்டாள்.

"நல்லா இருடா. நாளைக்குப் பொறக்கப்போற உன் பிள்ளைங்க பேரு ஒண்ணுகூட உனக்கு மறக்காம இருக்கட்டும்."