ராணிக்கு ஒரு நீலச் சில்லு

டைல்ஸ் கொத்தனாருக்குக் கோணல் என்றாலே ஆகாது. மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம், கொல்லையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய தேன்பெட்டிகளை நூல் பிடித்து வரிசையாக்கினார். இடையில் ஒரு சாண் மட்டும் விட்டு, எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தார். வந்து பார்த்ததும் அசந்துபோவாள் என்று நினைப்பு.

திரும்பி வந்தவள் குனிந்து எதையோ பொறுக்கினாள். நடுப் பெட்டியின் இளம் ராணித் தேனீ. இணை சேரப் பறந்துபோய், திரும்பும்போது பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்திருக்கிறது. அந்நிய ராணியை அங்கிருக்கும் ஈக்கள் விட்டுவைக்குமா? வாசலிலேயே செத்துக் கிடந்தது.

"எல்லா வாசலும் ஒரே மாதிரி இருந்தா அது என்ன பண்ணும்? போன மாசம் நீங்களே அடுத்த வீட்டுக்குள்ள போய், சட்டையைக் கழட்டிட்டு, தண்ணி கேட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் எல்லாக் கதவும் ஒரே அச்சுதான்.

நடுப் பெட்டி அவள் முதன்முதலில் பிடித்துவந்த கூட்டம். வேறொரு பெட்டியிலிருந்து, ராணிப் புழு அடைந்திருந்த கூட்டறையைத் தேனடைத் துண்டோடு வெட்டி அதில் பொருத்தினாள். "இதுவும் வழி தவறிட்டா இந்தப் பெட்டி அவ்வளவுதான்."

புது ராணி வெளிவருவதற்குள் மற்றப் பெட்டிகளை அந்திதோறும் கொஞ்சங்கொஞ்சமாக நகர்த்தினார்கள். ஒரேயடியாக நகர்த்தினால் ஈக்கள் பழைய இடத்துக்கே வந்து திண்டாடும். கடைசியில் பெட்டிக்குப் பெட்டி ஓர் ஆள் படுக்கிற இடைவெளி விழுந்தது. ஒன்று வேலியைப் பார்த்தது, ஒன்று கிணற்றை. கொத்தனாருக்குக் கை பரபரத்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். வேலையில் மிஞ்சிய டைல்ஸ் சில்லுகளை வாசலுக்கொரு நிறமாக ஒட்டினார். நடுப் பெட்டிக்கு நீலம்.

வெயில் ஏறிய ஒரு மதியம் ராணி வெளியே வந்தது. உடனே போய்விடவில்லை. பெட்டியின் பக்கம் திரும்பி, அதையே பார்த்தபடி இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு வட்டமிட்டு, வட்டம் பெரிதாகிக்கொண்டே போய், வானத்தில் காணாமல் போனது.

"வீட்டை மனப்பாடம் பண்ணுது" என்றாள்.

அவர் எத்தனையோ வீடுகளுக்குத் தரை போட்டவர். யாரும் தன் வீட்டை இப்படிப் பார்த்துவிட்டுப் போய் அவர் கண்டதில்லை. நகத்தளவு உடம்பு. அத்தனை பெரிய ஆகாயத்தில் இந்த ஒரு வாசலை அது எங்கே வைத்துக்கொண்டு போகிறது?

இருவரும் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

வந்தது. மஞ்சள் சில்லின்முன் தயங்கி நின்றது. அவள் அவர் மணிக்கட்டை இறுக்கினாள். அது விலகியது, நேரே நீலத்தின் கீழ் இறங்கியது. வாசலில் நின்ற ஈக்கள் வழிவிட்டன.

"வந்துடுச்சு" என்றார்.

அன்று மாலை அந்த வரிசை வீடுகளில் ஒரே ஒரு கதவின்மேல் நீலச் சில்லு ஒன்று ஒட்டியிருந்தது. ஒட்டியவர் அவர்தான். கோணலாக இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்.