மாமாவுக்கு மட்டும் விலக்கு

அக்கா சபையை விட்டு வெளியேறி ஏழு மாதமாகிறது. அன்று முதல் அவளுக்குப் பேச்சு நிறுத்தம். சபையை விட்டுப் போனவரோடு பெற்ற தாய்கூடப் பேசக் கூடாது, தொடக் கூடாது. இது சபைத் தலைவரான ஐயாவின் கட்டளை. அம்மா ஒருநாளும் மீறியதில்லை.

அம்மாவுக்குச் சபையின் சலவை அறையில் வேலை. அன்று காலை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் தலைசுற்றி விழுந்தாள். சபையின் மேற்பார்வையாளரை எல்லோரும் மாமா என்போம். அவர்தான் தன் காரில் எங்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மாமாவோடு பரிசோதனை அறைக்குள் நுழைந்தால், கையுறை மாட்டிக்கொண்டு அக்கா நிற்கிறாள். அவளுக்கு அங்கே வேலை என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கைய நீட்டும்மா," என்றாள் அக்கா.

"சின்னவளே, வேற ஆள் இருக்கான்னு கேளு," என்றாள் அம்மா என்னிடம்.

"சாயங்காலம்தான் வருவாங்க. அதுவரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்றார்," என்றாள் அக்கா.

"தாங்கும்னு சொல்லு."

இருவருக்கும் நடுவே இரண்டடி தூரம்கூட இல்லை. அக்கா மாமாவிடம் திரும்பினாள்.

"நான் என்ன கடவுளத் திட்டிட்டா போனேன்? ஐயா சொன்னதுல ஒண்ணு தப்புன்னேன், அவ்வளவுதான். உள்ள வர்றதுக்கு ஒரு பாட்டுப் பாடினா போதும். வெளிய போறதுக்கு அம்மாவையே விட்டுட்டுப் போகணுமா? இதுக்குப் பேரு பக்தியா?"

மாமா சுவரைப் பார்த்தபடி அம்மாவிடம் பேசினார். "கட்டளை எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. சாயங்காலம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. ஐயா பாத்துப்பார்."

அப்போது உள்ளே வந்த நர்ஸ் அவரைப் பார்த்ததும் மலர்ந்துபோய் அக்காவைக் காட்டினாள்.

"அடடே, நீங்களா சார்! இவங்க ஊசி போட்டாத்தான் வலிக்காதுன்னு மாசாமாசம் காத்துக் கிடந்து ரத்தம் குடுப்பீங்களே! உங்க ரிப்போர்ட் வந்தாச்சு, வாங்கிட்டுப் போங்க."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "அது... எனக்கு ஐயா விலக்குக் குடுத்திருக்கார்."

இந்த மனிதர் சொன்னார் என்றுதான் ஒன்பதாம் வகுப்போடு என் பள்ளிப் பையைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். இவர் சொன்னார் என்றுதான், அக்கா வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நான் தாழ்ப்பாள் போட்டேன். இவருக்கு ஊசிமுனை வலிக்கக் கூடாது. எங்களுக்கு வலித்தால் அது தவம்!

அம்மா கண்ணைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவ உங்களத் தொட்டாளா?"

"எனக்குச் சர்க்கரைம்மா, அதனால..."

"உங்களுக்குச் சர்க்கரை. எனக்கு அவ மக." கையை நீட்டினாள்.

"யோசிச்சுக்கோ. இது ஐயா காதுக்குப் போகும்."

"நீங்களே போய்ச் சொல்லுங்க மாமா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கையோட உங்க ரிப்போர்ட்டையும் காட்டிடுங்க."

விருட்டென்று போய்விட்டார், காரையும் எடுத்துக்கொண்டு.

அக்கா ஊசி போட்டு ரத்தம் எடுத்தாள். பிறகு அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நின்ற பிறகும் அம்மா கையை எடுக்கவில்லை.

"ஏழு மாசம்டி," என்றாள் அக்காவின் முகத்தைப் பார்த்து. "பாவிங்க, ஏழு மாசம்!"