மைக் இல்லாத ஹவுசி

"மௌனத்தில் தவிக்கிறீர்களா?" என்று எழுதிய புத்திசாலி நான்தான். ஜன்னலோரம் சோகமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் படம், கீழே காது மெஷின் கம்பெனியின் பெயர். பெங்களூரில் எங்கள் விளம்பர அலுவலகமே கைதட்டியது. முதல் முகாம் என் சொந்த ஊரான கேஜிஎஃப் தங்கவயலில்தான் என்று சண்டை போட்டு வாங்கியதும் நான்தான். ஞாயிறு மாலைக்குள் ஐம்பது பேராவது மெஷினை மாட்டிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முகாமை மைசூருக்கு மாற்றிவிடுவேன் என்றாள் என் மேலதிகாரி மம்தா.

சனிக்கிழமை வந்தது இரண்டு பேர். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர், இன்னொருவர் மெஷினை மாட்டாமலே போய்விட்டார்.

பக்கத்து வீட்டு யேசுதாஸ் மாமாவைப் பிடித்து ஏன் வரவில்லை என்று கேட்டேன், கத்தித்தான்.

"மௌனம் எங்கம்மா கீது? காதுக்குள்ள டிரில்லு இன்னும் ஓடிக்கினுதான் கீது!"

எனக்கு உறைத்தது. சுரங்கத்தில் பாறை துளைத்த எவரும் இங்கே தன்னைச் செவிடு என்று ஒத்துக்கொண்டதில்லை. தெருவே கத்திப் பேசும்போது யாருக்குத் தெரியப்போகிறது? என் அப்பா ஜெயகரன் வைக்கும் டிவி பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஏன் இவ்வளவு சத்தம் என்றால், "நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்பார்.

ஞாயிறு நான்கு மணிக்குக் கிளப்பில் ஹவுசி: கூப்பிடும் எண்களைத் தன் சீட்டில் முதலில் அடித்து முடிப்பவருக்குப் பரிசு. எண் சீட்டோடு பென்ஷன்காரர்கள் மனைவி சகிதம் வந்துவிடுவார்கள். எண்களைக் கூப்பிடும் ஹரோல்ட் அங்கிளிடம் மைக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கலாட்டா ஆயிடும்மா!"

"ஆவட்டும் அங்கிள்."

அவர் சாதாரணக் குரலில் மூன்று எண்களைக் கூப்பிட்டார். பெண்கள் தங்கள் சீட்டில் அந்த எண்களை அடித்தார்கள். ஆண்கள் மைக்கைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் அப்பா எழுந்தார்.

"ஹரோல்ட்! ஆட்டத்த ஆரம்பிப்பா!"

கூடமே சிரித்தது. நான் மேடையேறித் தொண்டை கிழியக் கத்தினேன்: "இன்னிக்கு மைக் கெடையாது! நம்பர் கேக்கணும்னா பின்னாடி டேபிள்ல மெஷின மாட்டிக்கினு வாங்க! பிரைஸ் குக்கரு!"

செவிடு என்று சொன்னால் தாங்குவார்கள். பெண்டாட்டியிடம் ஹவுசியில் தோற்பதை எப்படித் தாங்குவார்கள்? மெஷின் மாட்டிவிட வந்திருந்த ஷைலஜாவின் முன்னால் வரிசை வாசல் வரை போனது. நாற்பத்தொன்பது பேர். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் மறுபடி ஓடியது; அவர் பக்கத்தில் அம்மாவின் சீட்டில் ஒரே ஒரு எண்தான் பாக்கி.

அதை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். "சும்மா இன்னான்னு பாக்கறதுக்குத்தான்."

ஐம்பது! நான் ஷைலஜாவைக் கட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல், வழக்கம்போல் அடிக்குரலில் முணுமுணுத்தாள்.

"வந்துட்டாரு மகாராஜா. கெழத்துக்கு எவ்ளோ வீம்பு பாரு."

"யாரு கெழம்?"

அம்மாவின் பேனா கீழே விழுந்தது. மற்ற பெண்கள் அவரவர் புருஷன் காதைத் திரும்பிப் பார்த்தார்கள். என் ஐம்பது பேரையும் மனைவிமார்களே மெஷினைக் கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்று பதறினேன்.

அப்பா அவள் கையைப் பிடித்தார். "இவ்ளோ வருசமா இப்டித்தான் பேசிக்கினு இருந்தியா?"

அம்மா பயந்துகொண்டே தலையாட்டினாள்.

"நீ எங்கூட பேசறதையே வுட்டுட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன், ஞானசுந்தரி. இன்னொரு தரம் திட்டு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மா திட்ட ஆரம்பித்தாள். ஹரோல்ட் அங்கிள் அடுத்துக் கூப்பிட்டது அவளுக்குப் பாக்கியிருந்த அந்த எண்ணைத்தான். அவள் அதை அடிக்கவே இல்லை.