வெளிப்பக்கம் மடித்த இலை

கோலாலம்பூரில் கலியாணசுந்தரம் என் தாயைப் பற்றிச் சொன்ன ஒரு பேச்சுக்கு நான் பதில் சொல்ல ஐந்து வருடம் ஆனது. முதல் காரணம், அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை.

நாங்கள் காஜா பெராங் பகுதிச் செட்டிகள். எங்கள் முன்னோர் மலாக்காவுக்கு வந்து பல தலைமுறைகள் ஆகின்றன. பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவது மலாய். அம்மா சந்திரமதி கைலிபோன்ற சாரோங்கும் கெபாயாச் சட்டையும்தான் உடுத்துவாள். இதில் தலைகுனிய ஒன்றுமில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

1957 ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. என்னோடு மலாக்காவில் படித்த கருணாகரன், தகப்பனாருக்கு வேலை மாற்றம் வந்ததால் கோலாலம்பூருக்குப் போயிருந்தான். சுதந்திரத்துக்காக ஊரையே ஜோடிக்கிறார்கள், உடனே புறப்பட்டு வா என்று எழுதினான். எனக்கு வயது பதினாறு. அம்மா அரை நாள் அடுப்படியில் நின்று டோடோல் இனிப்பு கிண்டி ஒரு டின்னில் அடைத்துக் கொடுத்தாள். தம்பின் ஊர்வரை பஸ், பிறகு ரயில்.

நான்கு நாள் ஒரே சைக்கிளில் சுற்றினோம். அவன் மிதிப்பான், நான் பின்னால் உட்காருவேன். புது ஸ்டேடியத்தில் சிமெண்ட் வாசம் போகவில்லை. மணிக்கூண்டைச் சுற்றி விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் மலாய்தான் பேச்சு.

"உங்க ஊர்ல இவ்ளோ பெரிய கட்டடம் இருக்கா லா?" என்பான்.

"எங்க ஊர்க் கோட்டை வாசல் வயசு உங்க ஊருக்கே ஆகலடா" என்பேன்.

ஐந்தாம் நாள் அவன் அக்காள் ருக்மணிக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் என்னையும் உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டில் தட்டில்தான் சாப்பிடுவோம். வாழையிலை, போகியன்று முன்னோருக்குப் படைக்கும்போது மட்டும். சாப்பிட்டு முடித்தவர்கள் இலையை மடிப்பதைப் பார்த்து நானும் மடித்தேன். அவர்கள் தங்களை நோக்கி மடித்தார்கள். நான் எதிர்ப்பக்கமாக மடித்தேன். அப்படி மடிப்பது சாவு வீட்டில் என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி பதறி எழுந்தாள். கருணாகரனின் தகப்பனார் கலியாணசுந்தரம் வந்து இலையைப் பார்த்தார். பிறகு பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "சாரோங்காரி பெத்தது வேற எப்படி இருக்கும்? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வித்தியாசம் தெரியாத வம்சம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சாரோங் என்ற சொல் மட்டும் புரிந்தது.

"உங்கப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல லா. சாப்பாடு நல்லாருக்கான்னு கேட்டாரு" என்றான் கருணாகரன். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அம்மா கொடுத்த டோடோல் டின் அலமாரி மேல் திறக்கப்படாமலே இருந்தது.

காதில் விழுந்த ஒலிகளை ரயிலில் நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும் தமிழ் மாலை வகுப்பில் சேர்ந்து, ஏழு வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். வம்சம் என்ற சொல் ஆறாம் மாதம் புரிந்தது. கருமாதி அதற்கும் பிறகு. அம்மாவிடம், கோலாலம்பூரில் விளக்குகள் அழகு என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

1962இல் நான் அரசாங்க குமாஸ்தா. கலியாணசுந்தரம் தம் இளைய மகள் தனலட்சுமிக்கு என்னைக் கேட்டு, கருணாகரனைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு காஜா பெராங்குக்கே வந்தார். அரசாங்க வேலை வம்சத்தைக் கழுவிவிடும் போலும். அவருக்கு என் முகம் நினைவிருந்தது. தாம் சொன்னது நினைவில்லை.

வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். நான் இலை வெட்டி வரச் சொன்னேன்.

"மாரி, மாக்கான்" என்று அம்மா அவர்களைச் சாப்பிட அழைத்தாள். மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கினார் கலியாணசுந்தரம்.

"சம்பந்தியம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று சொல்லி, இலையைத் தம்மை நோக்கி அழகாக மடித்தார்.

நான் என் இலையை வெளிப்பக்கமாக, மெதுவாக மடித்தேன்.

"தம்பி, இன்னுமா பழகல? அந்தப் பக்கம் இல்ல..."

"இந்தப் பக்கந்தாங்க. அன்னிக்கித் தெரியாம மடிச்சேன். இன்னிக்கித் தெரிஞ்சே மடிக்கிறேன்."

அவருடைய வார்த்தைகளை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் அவரிடமே சொன்னேன். கருணாகரன் தலை குனிந்துகொண்டான்.

"வீடு தேடி வந்தவன இப்படியா பேசறது?" என்றார் அவர்.

"நானும் உங்க வீடு தேடி வந்தவன்தான். அப்ப எனக்குப் பதினாறு வயசு. உங்களுக்கும் எங்களுக்கும் இன்னியோட கருமாதி. தட்டை எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டு போனார்கள். கருணாகரன் அதன்பின் எனக்கு எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

என்ன நடந்தது என்று அம்மா மலாயில் கேட்டாள். ஐந்து வருடம் மறைத்ததை, இலை மடிப்பின் அர்த்தத்தோடு, ஒவ்வொரு சொல்லாக மலாயில் சொன்னேன். சாரோங்காரி என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவள் குனிந்து, கலியாணசுந்தரம் மடித்து வைத்துப் போன இலையைத் திறந்தாள். அதை வெளிப்பக்கமாக மடித்து, விரல்களால் அழுத்தினாள்.

"இப்படியா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான்மா" என்றேன்.