இடமில்லை என்றது சர்வர்

2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை காலை, தூத்துக்குடி துறைமுகச் சாலையில், ஏற்றுமதிச் சரக்குக்கு அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியின் சர்வர் கோப்புகளைச் சேமிப்பதை நிறுத்தியது.

இந்துமதி மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளில் அவளே எழுதிய புரோகிராம். ஏற்றுமதிக் காகிதங்களை வாங்கி ஹார்ட் டிஸ்கில் சேர்த்து, துறைமுக வாசலுக்கான கேட் பாஸ் தயாரித்துத் தரும். இன்று ஒரே எரர்தான் திரும்பத் திரும்ப வந்தது: டிஸ்கில் இடமில்லை.

இறால் கண்டெய்னரோடு டிரைவர் ஜாபேஸின் லாரி துறைமுக வாசலில் நின்றது. நாலு மணிக்குள் பாஸ் போகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

“ஏளா, என்னதான் சொல்லுது ஒன் மெஷினு?” என்றார் முதலாளி மந்திரமூர்த்தி.

“இடம் இல்லைங்குது அண்ணாச்சி.”

“போன சித்திரையிலதான அம்மாம்பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டேன்? அதுக்குள்ள என்னத்தப் போட்டு அமுக்குன, சினிமாப் படமா?”

இந்துமதிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இடம் பிடிக்கும் பழைய லாக் கோப்புகளை, அதாவது சர்வரின் தினசரிப் பதிவுகளை, அழித்தாள். இரண்டு காகிதம் ஏறியது, பிறகு நின்றுவிட்டது. கோப்புகளை எழுத புரோகிராமுக்குள்ள அனுமதிகளைச் சரிபார்த்தாள், கோளாறில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

ஜாபேஸ் போன் செய்தான். “யக்கா, பின்னால வந்த வண்டியெல்லாம் உள்ள போயிட்டு. நான் மட்டும் இங்கன காவல் தெய்வம் கணக்கா நிக்கேன்.”

“கையால எழுதிக் குடுத்தா விட மாட்டானுவளா?” என்றார் முதலாளி.

“அந்தக் காலமெல்லாம் போச்சு அண்ணாச்சி.”

கடைசியில் காகிதங்கள் சேரும் ஃபோல்டரையே திறந்து, உள்ளே இருப்பதைத் தேதிவாரியாகப் பார்த்தாள். ஆயுத பூஜைக்கு முந்தைய காகிதம் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் ஆபீஸ் உதவியாளர் முப்பிடாதி வந்தார். குலசை தசராவுக்கு வேஷம் கட்டிப் போய்விட்டுத் திரும்பியவர். காளி வேஷத்தின் சிவப்பு காது மடலில் இன்னும் ஒட்டியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

“அண்ணே, பூஜைக்கு இந்த டிஸ்கைக் கழட்டுனீங்களா?”

“பின்ன? எல்லாத்தையும் தொடச்சுச் சந்தனம் வச்சு சாமி முன்னால அடுக்குனோம்லா. இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? எடுத்த ஓட்டையிலயே திரும்பச் சொருகிட்டேன் யம்மா. லைட்டு எரியுது பாருங்க.”

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கழற்றிய டிஸ்கை வெறுமனே சொருகினால் அந்த சர்வர் அதைச் சேர்த்துக்கொள்ளாது. கட்டளை கொடுத்து இணைக்க வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. சர்வருக்கு உள்ளேயே இருந்த சிறிய டிஸ்கில், பெரிய டிஸ்கின் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர் கிடந்தது. புரோகிராம் அத்தனை காகிதத்தையும் அதில் கொட்டி நிரப்பிவிட்டது. எந்த டிஸ்கில் எழுதுகிறோம் என்று பார்த்துவிட்டு எழுதும்படி இரண்டு வரி போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவள் போடவில்லை.

“அப்ப தப்பு என் மேலயா?” என்றார் முப்பிடாதி.

“இல்லண்ணே. போய்த் தண்ணி குடிங்க.”

சிறிய டிஸ்கில் இருந்தவற்றைப் பத்திரமாக வேறிடத்துக்கு மாற்றி, பெரிய டிஸ்கை இணைத்து, புரோகிராமை மீண்டும் தொடங்கினாள். பழைய காகிதங்கள் எல்லாம் இருந்தன. மாற்றுவதற்குத்தான் நேரம் பிடித்தது.

கேட் பாஸ் வந்தபோது மணி நாலேகால். கப்பல் கிளம்பிவிட்டிருந்தது; ஜாபேஸ் லாரியைத் திருப்பி கண்டெய்னர் யார்டுக்குக் கொண்டுபோனான். கண்டெய்னர் அடுத்த வாரக் கப்பலில் ஏறியது.